முதல் பக்கத்தில் பதினைந்து கேள்விகள்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஈரத்துணி என்பவரை மன்றத்திலிருந்து நீக்க வேண்டும், அதற்கான குறிப்பை நான் எழுதித் தர வேண்டும் என்று மேலாளர் புதன்கிழமை காலையில் சொன்னார். நான் தலையாட்டினேன். வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்தால்தான் நிரந்தரமாக்குவார்கள். அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் நிறுவனம் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு உதிரி பாகங்கள் விற்கிறது. கூடவே இணையத்தில் ஒரு கேள்வி பதில் மன்றம் நடத்துகிறது. ரிப்பேர் செய்கிறவர்கள் மாட்டிக்கொண்டால் அங்கே வந்து கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒற்றை ஸ்க்ரூ, பழைய பெல்ட், லாண்டரி அக்கா, ஷாக் அடிச்சவன் என்று அவரவர் வைத்துக்கொண்ட பெயர்கள்தான். ஈரத்துணியும் அப்படி ஒரு பெயர். மன்றத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இயற்பியல் பட்டத்துக்கும் இந்த வேலைக்கும் தூரத்துச் சொந்தம் என்று ஸ்டோரைக் கவனிக்கும் அண்ணன் சொல்வார். என்னை அவர் மியூட்டு என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், பேச மாட்டேன். அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

மன்றத்தின் முதல் பக்கத்தில் பதினைந்து கேள்விகள் தெரியும். கடைசியாக எந்தக் கேள்வியில் அசைவு இருந்ததோ அது மேலே இருக்கும். புதிதாகக் கேட்டாலும், பதில் எழுதினாலும், வேறு யாராவது அந்தக் கேள்வியில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் அசைவுதான். கேள்விக்குக் கீழே விளக்கம் கேட்டோ சொல்லியோ எழுதும் சிறு குறிப்பு மட்டும் கணக்கில் வராது. ஏழு வருடத்துக்கு முந்தைய கேள்வியைத் தொட்டால்கூட அது உச்சிக்கு வந்துவிடும். மற்றவை ஒரு படி இறங்கும். பதினைந்தாவதாக இருந்தது இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். இரண்டாம் பக்கத்துக்குப் போன கேள்வியை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கையில் ஸ்பேனரும் ஒரு கையில் போனுமாக நிற்கிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. ஒருமுறை கணக்கெடுத்தேன். நூறு பேர் முதல் பக்கத்தைத் திறந்தால் மூன்று பேர் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறார்கள்.

ஈரத்துணி மன்றத்தில் சேர்ந்து மூன்று வருடம். சொந்தமாக ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒரு பதில் எழுதியதில்லை. செய்ததெல்லாம் திருத்தம். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்.

மேலாளரின் மேசையில் இருந்த தாள், திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லும் தானியங்கி அறிக்கை. மதியம் 1.21-லிருந்து 1.37-க்குள் ஈரத்துணி பதினைந்து கேள்விகளை வரிசையாகத் திருத்தி மேலே கொண்டுவந்திருந்தார். காரணமில்லாமல் கேள்விகளை மேலே தூக்கக் கூடாது என்பது மன்றத்தின் ஏழாவது விதி. மேலாளர் அந்தப் பதினைந்தையும் சிவப்பில் சுழித்து வைத்திருந்தார். கவனத்தை இழுக்க அலைகிற ஆள், இல்லாவிட்டால் போட்டிக் கடைக்காரர்கள் அனுப்பிய ஆள் என்பது அவர் எண்ணம். அடுத்த வாரத்திலிருந்து திருத்தத்தை அசைவாகவே கணக்கில் எடுக்கக் கூடாது, கேள்வியும் பதிலும் மட்டும் போதும் என்றும் சொன்னார்.

“ஒரு பதிலாவது சொல்லியிருக்காரா பாரும்மா. கேள்வியை எடுத்து மேல வைக்கிறதையே பொழப்பா வச்சிருக்காரு. இவரை விட்டா நாளைக்குப் பத்து பேர் கெளம்புவாங்க.”

என் மேசை ஸ்டோரை ஒட்டி இருக்கிறது. பின்னால் அடுக்குகளில் ரப்பர் பெல்ட்டுகள் வளையம் வளையமாகத் தொங்கும். நாள் முழுக்க ரப்பர் வாசனை. குறிப்பில் உதாரணம் காட்ட ஒரு பத்துத் திருத்தங்களைப் பார்த்தால் போதும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் திறந்த கேள்வி, “மெஷின் சத்தம் போடுது, என்ன செய்ய?” அவ்வளவுதான் எழுதியிருந்தது. எட்டு மாதமாகக் கிடந்த கேள்வி. தண்ணீர் ஏறும்போது சத்தமா, சுற்றும்போதா, வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா என்று ஈரத்துணி கீழே கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்திருந்தது. சுற்றும்போதுதான், கூழாங்கல் உருள்வது போல. ஈரத்துணி அதைக் கேள்விக்குள் சேர்த்து, தலைப்பையும் அதற்கேற்ப மாற்றி, மங்கலான படத்தின் ஓரத்திலிருந்து மாடல் எண்ணையும் படித்து எழுதியிருந்தார். திருத்திய இருபதாவது நிமிடத்தில் பேரிங் போய்விட்டது என்று பதில் வந்திருந்தது.

அடுத்தது ஒரு ஃபிரிட்ஜ். அதற்கடுத்தது ஒரு மைக்ரோவேவ் அவன். மதியச் சாப்பாட்டுக்குள் இருநூறு படித்துவிட்டேன். வெட்டியாக ஒன்றுகூட இல்லை. கேட்டவரின் பேச்சை அவர் கெடுத்ததும் இல்லை. ஒருவர் “மெஷின் கோவிச்சுக்கிட்டு நிக்குது” என்று எழுதியிருந்தார். ஈரத்துணி அதில் கை வைக்கவில்லை. விளக்கு எரிகிறது, எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை என்று அடுத்த வரியில் சேர்த்திருந்தார். நானாக இருந்தால் கோபித்துக்கொண்டதை அடித்திருப்பேன்.

பிறகு திருத்தங்களின் நேரத்தை எடுத்து வரைபடம் போட்டேன். மூன்று இடங்களில் கூர்மையாக எழும்பியது. காலை ஆறு மணியை ஒட்டி, மதியம் ஒன்றரையை ஒட்டி, மாலை நாலரையை ஒட்டி. நடுவில் அநேகமாக ஒன்றும் இல்லை. கவனத்துக்கு அலைகிறவர் கூட்டம் கூடும் ஒன்பது மணிக்கு அல்லவா வர வேண்டும்? எனக்குப் புரியவில்லை.

என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டு மாடியில் இரண்டு அறைகளில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். அண்ணி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை செய்கிறார். அன்று மாலை நானும் அண்ணியும் கட்டில் மேல் குவிந்திருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தோம். அண்ணி டாக்டரைப் பற்றிப் புலம்பினார். மேசையில் எத்தனை ஃபைல் இருந்தாலும் அவர் மேலே இருப்பதை மட்டும்தான் எடுப்பாராம். அவசரமான ஃபைலைக் காலையிலேயே வைத்தால் மாலை வரை அது அடியில்தான் கிடக்குமாம்.

“அவரு கை கழுவ எந்திரிப்பாரு பாரு, அப்ப கொண்டுபோய் வைக்கணும். திரும்பி வந்து உக்காந்தா மூஞ்சிக்கு நேரா இருக்கும்.”

அப்படியென்றால் ஆஸ்பத்திரியை நடத்துவது நீதான், அவர் பல்லை மட்டும் பார்த்துக்கொள்கிறார் என்று அண்ணன் அடுத்த அறையிலிருந்து சொன்னார். நான் மடித்த சட்டையைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

“என்னடி, ஏதாவது சொல்லப் போறியா? சொல்லு, உக்காந்து கேக்குறோம்.”

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். இதற்குச் சுவரோடு பேசலாம், எதிரொலியாவது வரும் என்று அண்ணி சட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை, மீதித் திருத்தங்களையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியவர் யார், எப்போது என்று குறித்தேன். பழைய பெல்ட், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். தினமும் காலை ஆறேகாலுக்கு வந்து பத்து நிமிடம் இருப்பார். ஷாக் அடிச்சவனுக்கு எலக்ட்ரானிக் போர்டுகள் அத்துப்படி. மாலை நாலே முக்காலுக்கு, வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது பார்ப்பார். லாண்டரி அக்கா ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் பெரிய மெஷின்களோடு இருப்பவர். சாப்பிட்டு முடித்து 1.40-க்குப் போனைத் திறப்பார், 1.50-க்கு மூடிவிடுவார். மூவரும் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை. ஒவ்வொருவரும் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவரவருக்குத் தெரிந்த கேள்வியை ஈரத்துணி தேடி எடுத்து, தூசி தட்டி, மேலே வைத்திருக்கிறார். காலையில் மோட்டார், மாலையில் போர்டு. மூன்று வருடமாக.

திருத்திய ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு அரை மணி நேரத்தில் பதில் வந்திருந்தது. நம்பாமல் இரண்டு முறை எண்ணினேன்.

அந்த மூவருக்கும் இது தெரியாது. போன வருடம் லாண்டரி அக்கா ஓரிடத்தில், நான் வரும்போது மட்டும் எனக்குத் தெரிந்த கேள்வியாகவே வருகிறது, என் ராசி அப்படி என்று எழுதியிருந்தார். அதன் கீழே நாலு பேர் கைதட்டியிருந்தார்கள். ஈரத்துணி அந்தப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை மட்டும்தான் இதில் சேரவில்லை. ஒருவருக்கு ஒன்று, இரண்டு என்று வைப்பவர் எதற்காகப் பதினைந்தைத் தூக்கினார்? அன்றைய பதிவேட்டை நிமிடம் நிமிடமாகத் திறந்தேன்.

1.18-க்கு ஈரத்துணி ஒரே ஒரு கேள்வியைத் திருத்தியிருந்தார். கேட்டவர் ஒற்றை ஸ்க்ரூ. ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிற ஒரே மெஷின், தண்ணீரை வெளியேற்றிவிட்டு அப்படியே நிற்கிறது. சுற்றவில்லை, கதவும் திறக்கவில்லை. உள்ளே குழந்தைகளின் போர்வைகள். மோட்டாரையும் பம்பையும் மாற்றிப் பார்த்துவிட்டார். கேள்வி ஒன்பது நாளாகப் பதிலில்லாமல் கிடந்தது. “அந்த ஆயாம்மா பாக்குற பார்வையே சரியில்ல. இன்னைக்கு முடியலன்னா வேற ஆளக் கூப்பிடுறாங்களாம்” என்று அன்று காலை கீழே எழுதியிருந்தார். லாண்டரி அக்காவுக்காக வைத்த கேள்வி அது.

1.19-க்கு நாற்பது கேள்விகள் ஒரே நேரத்தில் திருத்தப்பட்டிருந்தன. திருத்தியது நான்.

கேள்விகளை வகை பிரிக்க ஒட்டும் டேகுகளில், துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒரு டேகும் வாஷிங் மெஷின் என்று இன்னொரு டேகும் இருப்பது குழப்பம், எல்லாவற்றையும் ஒன்றாக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார். அறுநூறு கேள்விகள். நாற்பது நாற்பதாக மாற்ற அலுவலகக் கணக்கில் ஒரு கருவி இருக்கிறது. அன்று சாப்பிட்டு முடித்ததும் பட்டனை அழுத்திவிட்டு டப்பாவைக் கழுவப் போனேன். ஒரு வேலை முடிந்தது என்று சந்தோஷம் வேறு. டேகை மாற்றுவதும் திருத்தம்தான் என்பது உறைக்கவேயில்லை.

நாற்பதும் எழுந்து மேலே வந்துவிட்டன. எப்போதோ பதில் கிடைத்து முடிந்துபோன பழைய கேள்விகள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கத்தில் பத்து என்று அடைத்துக்கொண்டன. காப்பகத்து மெஷின் நாற்பத்தொன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. அக்கா போனைத் திறக்க இன்னும் இருபத்தொரு நிமிடம்.

ஈரத்துணி அதைப் பார்த்திருக்கிறார். பழைய முதல் பக்கம் அவர் திரையில் திறந்தபடியே இருந்திருக்க வேண்டும். 1.21-க்கு ஆரம்பித்தார். கடைசியாகத் தொட்டதுதான் உச்சியில் நிற்கும் என்பதால் பதினைந்தாவது கேள்வியிலிருந்து தொடங்கினார். பிறகு பதினான்காவது, பதிமூன்றாவது. 1.37-க்குக் காப்பகத்து மெஷினைத் தொட்டு முடித்தார். என் நாற்பதுக்கு முன்னால் இருந்த பக்கத்தையும் 1.37-ல் இருந்த பக்கத்தையும் பதிவேட்டிலிருந்து எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பதினைந்து. அதே வரிசை.

அந்த அவசரத்திலும் பெயருக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகவில்லை அவர். ஒன்றில் திறக்காத இணைப்பைச் சரி செய்திருந்தார். ஒன்றில் தலைகீழாக இருந்த படத்தை நிமிர்த்தியிருந்தார். இன்னொன்றில், கேட்டவர் எங்கோ கீழே சொல்லியிருந்த மின்னழுத்த அளவை எடுத்து மேலே வைத்திருந்தார். பதினைந்திலும் உண்மையாகவே ஒரு குறை இருந்திருக்கிறது, அவர் அதைக் கண்டுபிடித்திருக்கிறார், கேள்விக்கு ஒரு நிமிடம். காப்பகத்துக் கேள்வியை மட்டும் தூக்கி வைத்திருந்தால் அறிக்கையே வந்திருக்காது. மற்ற பதினாலு பேரும் யாருக்காகவோ காத்திருந்தவர்கள்தான் என்று நினைத்திருப்பார்.

1.44-க்கு லாண்டரி அக்கா எழுதியிருந்தார்: “பிரஷர் சுவிட்ச்சுக்குப் போற சின்ன ட்யூபைக் கழட்டி ஊதுப்பா. பஞ்சு அடைச்சிருக்கும். தண்ணி போயிடுச்சுன்னு மெஷினுக்கே தெரியல, அதான் நிக்குது.” மூன்று மணிக்கு ஒற்றை ஸ்க்ரூ: “ஊதினேன்க்கா. சுத்துது. ஆயாம்மா சிரிச்சிட்டாங்க.”

தானியங்கி அறிக்கையில் வெளியாட்கள் செய்வது மட்டும்தான் வரும். அலுவலகக் கணக்கில் நடப்பது வராது. அதனால் மேலாளரின் தாளில் என் நாற்பது இல்லை. ஒரு ஆள், பதினைந்து கேள்வி, பதினாறு நிமிடம், அவ்வளவுதான் இருந்தது. நான் கொட்டியதை அள்ளியதற்காக ஈரத்துணி வெளியே போகப் போகிறார். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஈரத்துணி புகார் எழுதவில்லை, என்ன இது என்றுகூடக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், ஈரத்துணியை நீக்கச் சொல்லும் அந்தக் குறிப்பை எழுதினேன். மூன்றே வரி. நன்றாகத்தான் வந்திருந்தது. அனுப்பும் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு, என் ஆறாவது மாதத்தைப் பற்றி நினைத்தேன். அனுப்பாமல் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேலாளர் அறை வாசலில் நின்றேன். வாயால் சொல்ல வராது என்று தெரியும். எல்லாவற்றையும் அட்டவணையாக அச்செடுத்து வைத்திருந்தேன். அவர் போனில் இருந்தார். நான் கதவோரம் அசையாமல் நிற்பதைப் பார்த்து, கதவு விழுந்துவிடும் என்று தாங்கிப் பிடித்திருக்கிறாயா என்று ஸ்டோர் அண்ணன் கேட்டார். போன் முடிந்தது. உள்ளே போய்த் தாள்களை மேசையில் வைத்தேன்.

மேலாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தார். திங்கட்கிழமைப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இந்த நாப்பது யாரு?”

அலுவலகக் கணக்கு என்று தாளில் எழுதித்தான் இருந்தது. விரலால் காட்டியிருக்கலாம்.

“நான்தான் சார்.”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வெளியே ஸ்டோர் அண்ணன் திரும்பிப் பார்த்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

இருந்தாலும் ஏழாவது விதி என்று ஒன்று இருக்கிறதே என்றார் மேலாளர்.

“விதியில காரணமில்லாமன்னு போட்டிருக்கு சார். இவரு செஞ்ச ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டுலயும் காரணம் இருக்கு. படிச்சிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும் சார்.”

அவர் திங்கட்கிழமைப் பக்கத்தை மறுபடி எடுத்தார். பிறகு பேனாவை எடுத்து, இடது பக்க வரிசையையும் வலது பக்க வரிசையையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு டிக் போட ஆரம்பித்தார். ஒன்பதாவதோடு டிக் போடுவதை நிறுத்திவிட்டு மீதியைச் சும்மா பார்த்தார்.

“பின்னாலேர்ந்து வந்திருக்காரு.”

“ஆமா சார். பதினஞ்சுலேர்ந்து.”

“நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இது தோணியிருக்காது.”

“எனக்கும் தோணியிருக்காது சார்.”

ஈரத்துணி இருக்கட்டும் என்றார். திருத்தமும் முன்போலவே அசைவாக இருக்கட்டும். அலுவலகம் டேக் மாற்றினால் மட்டும் கேள்வி நகராதபடி கருவியை மாற்றச் சொல்கிறேன், அதுவரை அந்தப் பட்டனைத் தொடாதே என்றும் சொன்னார். பிறகு என் கோப்பை எடுத்து, தகுதிகாண் காலத்தை இரண்டு மாதம் நீட்டி எழுதினார். கோபமாகச் செய்யவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். சரி என்றேன்.

ஈரத்துணிக்கு நானே மன்னிப்பு எழுத வேண்டும், விருப்பமிருந்தால் மன்றத்தைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்வாரா என்றும் கேட்க வேண்டும் என்றார். நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. திங்கட்கிழமை வெள்ளம் என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். மதியம் இரண்டரைக்குப் பதில் வந்தது. மூன்று வருடத்தில் அவர் தன்னைப் பற்றி எழுதியது இதுதான்.

“பரவாயில்லைங்க. பொறுப்பெல்லாம் வேண்டாம். எனக்கு ரிப்பேர் தெரியாது, யாருக்குத் தெரியும்னு மட்டும்தான் தெரியும். டேக் வேலை பாக்கி இருந்தா ரெண்டரைக்கு மேல அஞ்சஞ்சா செய்யுங்க. அப்ப நம்ம ஆளுங்க யாரும் வர்றதில்ல. நாலரைக்குள்ள அஞ்சும் தானா எறங்கிடும்.”

ஈரத்துணி ஆணா பெண்ணா, என்ன வேலை, எந்த ஊர் என்று எனக்கு இன்னும் தெரியாது. மேலாளர் அந்தப் பதிலை இரண்டு முறை படித்தார். பாக்கி ஐந்நூற்று அறுபது, ஐந்தைந்தாகப் போனால் நூற்றுப் பன்னிரண்டு வேலை நாள், அதற்குள் கருவியே சரியாகிவிடும் என்றார். இருந்தாலும் கையால் செய்கிறேன் என்றேன். செய் என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் ஐந்தைத் திறந்தேன். டேகை மாற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்தேன். இரண்டாவது கேள்விக்கு ஏழு மாதமாகப் பதில் இல்லை. அடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மட்டும் எழுதியிருந்தது. முன்பக்கமா பின்பக்கமா, தண்ணீர் ஏறும்போதா இறங்கும்போதா என்று அதன் கீழே கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் இதற்கு முன் நானாகப் போய் எதையும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியைப் போட்டவர் இன்னும் பதில் எழுதவில்லை. நாலரை மணிக்குப் பார்த்தபோது ஐந்தும் முதல் பக்கத்தைவிட்டு இறங்கியிருந்தன.